ஹாண்டா காய்ச்சலில் யாருடைய சிறுநீரகம் அதிகம் பாதிக்கப்படுகிறது?

(ஆதரவாளர் கூட்டத்தில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)



எலியால் வரும் காய்ச்சல் என்றவுடன் நம் ஊரில் லெப்டோஸ்பைரோசிஸ்தான் நினைவுக்கு வரும். அது பாக்டீரியாவால் வருவது, பென்சிலினுக்குக் கட்டுப்படும். இன்று நான் பேச வந்தது ஹாண்டா வைரஸைப் பற்றி. இதற்குப் பென்சிலின் உதவாது.

கொரியப் போரின்போது, 1951 முதல் 1953 வரை, ஐக்கிய நாடுகள் படையைச் சேர்ந்த 3,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் காரணம் தெரியாத ஒரு காய்ச்சலில் விழுந்தார்கள். முகம் சிவக்கும், இடுப்பு கடுமையாக வலிக்கும், பிறகு சிறுநீர் நின்றுபோகும். 1952-இல் வொன்ஜு என்ற ஊரில் இராணுவத்தார் செயற்கைச் சிறுநீரக இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். ஆனால் நோய்க்குக் காரணமான கிருமி பிடிபட மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1976-இல் டாக்டர் லீ ஹோ வாங், முதுகில் கோடுள்ள ஒரு வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்தார். அருகே ஓடும் ஹான்டன் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1964-இல், வேலூரில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸ் பிரிக்கப்பட்டது. தோட்டப்பாளையம் வைரஸ் என்று அதற்குப் பெயர். அதுவும் இதே குடும்பம்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. (தோட்டப்பாளையத்தார் வருந்த வேண்டாம்; அது மனிதருக்குக் கடும் நோய் உண்டாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை.) பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகளில், நம் மக்கள் சிலருடைய இரத்தத்திலும் ஹாண்டாவுக்கு எதிரான பொருட்கள் காணப்பட்டன.

எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, அதை நாம் சுவாசிக்கும்போது நோய் தொற்றுகிறது. அடைத்துக் கிடந்த கிடங்கைப் பெருக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் தண்ணீரும் பிளீச்சிங் கரைசலும் தெளித்து நனையவிட்டு, பிறகு துடைத்தெடுப்பது நல்லது.

ஒரே காய்ச்சல், ஒருவர் பத்து நாளில் எழுந்து நடக்கிறார், இன்னொருவருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. ஏன்? முதலாவது, எந்த வைரஸ் என்பது. கொரியாவின் ஹான்டான் வகையில் 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை இறந்ததுண்டு. பின்லாந்தில் பரவும் வகைக்குப் பூமாலா என்று பெயர். பூமாலை போல் ஒலித்தாலும் அது அங்குள்ள ஓர் ஊரின் பெயர். அதில் இறப்பவர் 100-க்கு ஒருவரிலும் குறைவு.

இரண்டாவது பரம்பரை. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தீர்மானிக்கும் சில மரபுக்கூறுகள் உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகிறது. இதை யாரும் மாற்ற முடியாது.

மாற்றக்கூடியது ஒன்று உண்டு: புகைபிடித்தல். ஜெர்மனியிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகள், புகைபிடிப்போருக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் என்று காட்டின. பீடியால் நுரையீரல் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். சிறுநீரகத்தைச் சொன்னால் நோயாளிகள் சிரிக்கிறார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. இடுப்புவலி தாங்காமல் கடையில் டைக்ளோபினாக், இபுபுரூபன் வாங்கி விழுங்குகிறார்கள். இவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் மாத்திரைகள். ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்துக்கு இது இன்னொரு அடி.

ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் எளிய பரிசோதனைகள் நம் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. இரத்தத் தட்டணுக்கள் 60,000-க்குக் கீழே இறங்கினால் கடும் பாதிப்பு வரலாம் என்று எச்சரிக்கையாக இருக்கிறோம். சிறுநீரில் புரதமும் இரத்தமும் அதிகமாக இருந்தாலும் அப்படியே.

பூமாலா போன்ற வகைகளைக் குணமாக்கும் நிச்சயமான மருந்து இன்றும் இல்லை. செவிலியரின் கவனமே சிகிச்சை. இந்த நோயில் இரத்தக் குழாய்கள் கசிகின்றன. பயந்துபோய் பாட்டில் பாட்டிலாக நரம்பில் ஏற்றினால் நீர் நுரையீரலில் சேரும். ஏற்றாமல் விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து சிறுநீரகம் வாடும். ஆகவே உள்ளே போன ஒவ்வொரு தம்ளரையும் வெளியே வந்த ஒவ்வொரு மில்லியையும் இரவு பகலாக எழுதி வைக்கிறார்கள்.

சில நாட்களில் சிறுநீர் திரும்பும், நாளுக்குப் பல லிட்டராக. "டாக்டர், நல்லாயிட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போறோம்" என்று உறவினர் மூட்டை கட்டத் தொடங்குவது அப்போதுதான். உப்பும் பொட்டாசியமும் அந்த நீரோடு போய்விடுவதால், இன்னும் சில நாள் இருக்கச் சொல்லி நாங்கள் மன்றாடுவதும் அப்போதுதான்.