வேப்பங்குச்சியும் மூங்கில் பிரஷும்

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பல் பிரஷை மாற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகர மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று என்றாலும் 30 லட்சம் பிரஷ்கள். பிடி ஒரு பிளாஸ்டிக், முனையில் நைலான் இழை. பிரித்தெடுப்பது கடினம் என்பதால் மறுசுழற்சிக்குப் போவது அரிது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் தடைசெய்த பிளாஸ்டிக் பட்டியலிலும் பிரஷ் இல்லை. ஆகவே முடிவு நம் கையில்தான்.

ஒரு மாற்று, மூங்கில் பிடி போட்ட பிரஷ். அதிலும் இழை நைலான்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் எடையில் பெரும்பங்கான பிடி மண்ணில் மட்கிவிடும். இழையை மட்டும் பிடுங்கித் தனியே போட்டால் போதும். விலை கூடுதல் என்போருக்கு, நம் வறண்ட சமவெளியெங்கும் வேம்பு நிற்கிறது. இளங்குச்சியின் நுனியை மென்றால் நார் விரிந்து தூரிகையாகிவிடும். பல்குச்சி வழக்கமுள்ள இடங்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று 1986-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ஈறு புண்ணாகாதா? அழுத்தித் தேய்த்தால் ஆகும், மெதுவாகத் தேயுங்கள். குச்சியில் ஃபுளோரைடு இல்லை என்பதும் சரியே. அதனால் காலையில் குச்சி, இரவில் மூங்கில் பிரஷும் பற்பசையும் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த பிரஷ் வாங்கும்போது, மண்ணையும் நினைத்து வாங்குங்கள்.