கருவும் மதுவும்: கணக்கில் வராத இழப்பு

(திருவனந்தபுரத்தில் மாணவர்கள், அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



மதுவினால் அரசுக்கு வரும் வருவாய்க்குக் கணக்கு உண்டு. கேரள மாநில மதுபானக் கழகம் 1984-ல் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது முதல் அக்கணக்கு பேசப்பட்டு வருகிறது. ஆனால் பிறவாத குழந்தைக்கு நேரும் இழப்பை எந்தப் பேரேடும் பதிவு செய்வதில்லை.

கருவின் வளர்ச்சி புரதங்களின் பணியாகும். உயிரணுக்கள் ஒட்டி நிற்பதும், இடம்பெயர்வதும், உறுப்புகளாக உருப்பெறுவதும் அவற்றின் வழியே நடைபெறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபெரே என்னும் பிரெஞ்சு மருத்துவர், மதுசாரம் கோழிக் கருவை உருக்குலைப்பதைக் கண்டார். காரணம் விளங்க நூறாண்டுகள் ஆயின. நரம்பணுக்களை இணைக்கும் ‘எல்-1’ என்ற புரதத்தின் ஒட்டும் திறனை, ஓரிரு கோப்பை அருந்தியவரின் இரத்தத்தில் காணப்படும் அளவு மதுசாரமே தடுப்பதை 1996-ல் சார்னஸ் குழுவினர் ஆய்வுக்கூட உயிரணுக்களில் காட்டினர். முகம் உருவாவதற்குத் தேவையான ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ புரதத்தை வெளியிலிருந்து அளித்தால், மதுவினால் மடியும் உயிரணுக்கள் காக்கப்படுவதைக் கோழிக் கருவில் செய்த மற்றோர் ஆய்வு 2002-ல் மெய்ப்பித்தது.

இவை விலங்குகளோடு நிற்பவையல்ல. மது அருந்திய தாய்மாரின் குழந்தைகளிடம் காணும் குறைபாடுகளை 1968-ல் பிரான்சில் லெமுவான் விவரித்தார். 1973-ல் அமெரிக்காவில் ஜோன்சும் ஸ்மித்தும் அதற்குப் பெயரிட்டனர்.

நமக்கு இதனால் கவலை இல்லை எனலாமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள கேரளப் பெண்களில் மது அருந்துவோர் 0.2 விழுக்காட்டினரே. நாடு முழுவதும் இது 1.3 விழுக்காடு. ஆயினும் அருணாசலப் பிரதேசத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் மது அருந்துகிறார். சராசரி எண்கள் இத்தகைய பகுதிகளை மறைத்துவிடுகின்றன.

அமெரிக்காவில் 1989 முதல் மதுப்புட்டிகள் கர்ப்பிணிகளை எச்சரிக்கின்றன. நம் நாட்டில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எச்சரிக்கை வாசகமோ, பொதுவான உடல்நலக் கேட்டையும் வாகனம் ஓட்டுவதையும் மட்டுமே கூறுகிறது. கருவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மது அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை. எனவே புட்டியில் ஒரு வரி சேர்ப்பதும், அங்கன்வாடிப் பணியாளர் கர்ப்பிணியிடம் ஒரு வார்த்தை சொல்வதும் போதிய தொடக்கமாகும். இவற்றிற்காகும் செலவு மிகச் சிறிது. பழுதுபட்ட மூளையைப் பின்னர் சீராக்க எந்தத் திட்ட ஒதுக்கீட்டாலும் இயலாது.