தாயின் மன அமைதியும் சிசுவின் மூளை வளர்ச்சியும்

 

ஒரு வீட்டில் மருமகள் கர்ப்பமுற்றிருக்கிறாள் என்ற செய்தி கிடைத்ததும் அவ்வீடு முழுவதும் மகிழ்ச்சியில் திளைக்கின்றது. என்ன சாப்பிட்டாள், பால் குடித்தாளா, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை விழுங்கினாளா என்று உம்மாவும் மாமியும் மாறி மாறி விசாரிக்கின்றனர். இவையனைத்தும் நல்ல விசாரிப்புகளே. ஆயினும், “மகள், மனதுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்போர் எத்தனை பேர்? கேட்கப்படாத அந்தக் கேள்வி, பிறக்கவிருக்கும் பிள்ளையின் மூளையோடும் தொடர்புடையது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கவலையும் அச்சமும் ஏற்படும்போது, சிறுநீரகங்களின் மேற்புறத்திலுள்ள அதிரீனல் சுரப்பிகள் கோர்டிசோல் எனும் ஹோமோனைச் சுரக்கின்றன. அது நஞ்சன்று. சிசுவின் நுரையீரல் முதிர்ச்சியடைவதற்கு அது அவசியமானது. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் தாயின் இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மூன்று மடங்காக உயர்வது இயல்பு. அவ்வளவும் சிசுவைச் சென்றடையாதவாறு, நச்சுக்கொடியிலுள்ள ஒரு நொதியம் அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கின்றது. படைத்தவன் அமைத்து வைத்த காவல் அது! எனினும், தாய் கடுமையான மனப்பதற்றத்தில் வாழும்போது அக்காவல் தளரக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாறு கடந்து செல்லும் கோர்டிசோல், உருவாகிக்கொண்டிருக்கும் மூளையைச் சென்றடைகின்றது.

மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்தை உணர்வதும் அச்சத்தை எழுப்புவதும் அதன் முக்கிய பணிகளாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 65 தாய்மாரின் கோர்டிசோல் அளவு கர்ப்பகாலத்தில் பலமுறை அளவிடப்பட்டது. அவர்களது பிள்ளைகள் ஏழு வயதை அடைந்தபோது மூளை படம்பிடிக்கப்பட்டது. கர்ப்பத்தின் முற்பகுதியில் கோர்டிசோல் கூடியிருந்த தாய்மாரின் பெண் பிள்ளைகளிடம் வலப்புற அமிக்டலா பெரிதாக இருந்ததையும், அவர்களிடம் மனவெழுச்சிச் சிக்கல்கள் கூடுதலாக இருந்ததையும் 2012இல் வெளியான அவ்வாய்வு கண்டறிந்தது. ஆண் பிள்ளைகளிடம் இத்தொடர்பு காணப்படவில்லை.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் பகுதியில் 7,000க்கும் மேற்பட்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகுந்த மனப்பதற்றத்தோடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் நடத்தை மற்றும் மனவெழுச்சிப் பிரச்சினைகள் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிடச் சுமார் இரு மடங்காக இருந்தது.

சகோதர சகோதரிகளே! இவ்விடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய்ப்பு கூடுவது வேறு, நோய் நிச்சயமாவது வேறு. பதற்றமுற்ற தாய்மாரின் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் நலமாகவே வளர்ந்தனர். எனவே, பிள்ளை முரட்டுத்தனமாக நடந்தால், “நீ அழுதழுது பெற்றதால்தான் இப்படி” என்று எந்தத் தாயையும் குற்றஞ்சாட்டிவிடாதீர்கள். அவளை அழவைத்தவர்கள் யார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

சீதனத்தில் குறை சொல்லப்படும் வீட்டில், கணவன் நள்ளிரவுவரை நண்பர்களோடு காலம் கழிக்கும் வீட்டில், முதற்பிள்ளை பெண் என்பதால் இரண்டாவதும் பெண்ணாகிவிடுமோ என்று அச்சுறுத்தப்படும் வீட்டில், ஒரு கர்ப்பிணி எவ்வாறு அமைதியாக இருப்பாள்? அமைதியாக இரு என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. அமைதியை அவளுக்கு அமைத்துக் கொடுப்பதே நமது கடமை. கர்ப்பிணி தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சினால், ரமழான் நோன்பையே பிற்போட மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. கடமையான வணக்கத்திலேயே அவளுக்கு இலகு செய்யப்பட்டிருக்க, நாம் சுமத்தும் சுமைகளுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மனச்சோர்வு அனைத்தும் குடும்பப் பிரச்சினையால் வருவதுமன்று. தைரொயிட் ஹோமோன் குறைந்தாலும் களைப்பும் மனச்சோர்வும் தோன்றும். ஆரம்ப மாதங்களில் சிசுவின் மூளை, தாயிடமிருந்து கிடைக்கும் தைரொக்சினையே நம்பியிருக்கின்றது. இக்குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகள் நுண்மதிச் சோதனையில் சராசரியாக ஏழு புள்ளிகள் குறைவாகப் பெற்றதாக 1999இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. ஆகவே அயடீன் கலந்த உப்பையே சமையலுக்குப் பாவியுங்கள். வைத்தியர் தந்த தைரொக்சின் மாத்திரையைக் கர்ப்பம் என்பதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மையும் அழுகையும் நீடித்தால், கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் “பைத்தியம்” என்று பெயரிட்டு மூடி மறைப்பது தாய்க்கும் சேய்க்கும் செய்யும் அநீதியாகும்.

கவலையோடு கர்ப்பகாலத்தைக் கழித்துவிட்ட தாய்மாரே! உங்களுக்கும் ஒரு நற்செய்தி உண்டு. கருவறை நீரில் கோர்டிசோல் கூடியிருந்த பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை 17 மாத வயதில் சோதித்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. தாயோடு பாதுகாப்பான பிணைப்புக் கொள்ளாத பிள்ளைகளிடமே பாதிப்புத் தென்பட்டது. தாயின் அன்பில் நம்பிக்கையோடு வளர்ந்த பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. அணைத்துத் தூக்கும் கைகளுக்கு அத்தனை ஆற்றல் இருக்கின்றது.

இளைஞர்களே! நாளை வாப்பாவாகப் போகும் நீங்கள், பிள்ளை பிறந்த பின்னர்தான் தந்தையாகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். மனைவியோடு கிளினிக்குக்குச் செல்லுங்கள். வீட்டு வேலையில் கை கொடுங்கள். அவளைப் புண்படுத்தும் சொல்லொன்று வீட்டில் எழும்போது அவள் பக்கம் நில்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வழங்கும் முதலாவது அன்பளிப்பு, அதன் தாய் நிம்மதியாக உறங்கும் ஓர் இரவாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நமது வீடுகளை அமைதி நிறைந்தவையாக ஆக்கியருள்வானாக! வஸ்ஸலாம்.