டிராக்டருக்கு ஏற்ற டயரும் ரிம்மும்

(சங்கரன்கோவில் வட்டார உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சங்கரன்கோவில் பகுதிக் கரிசல் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பியே பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றை விதைக்கிறோம். மழைக்குப்பின் மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் டிராக்டர் சறுக்கினால் விதைப்பு பிந்தும். அவசரப்பட்டு அதிக ஈரத்தில் ஓட்டினாலோ அடிமண் இறுகி, வேரும் நீரும் கீழே இறங்கா. ஆகவே டயர் மாற்றும்போது, "பெரிதாகப் போட்டால் நல்லது" என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் செலவிடக் கூடாது.

எண்கள் சொல்வது என்ன?

பின் டயரில் 13.6-28 என்று இருந்தால், டயரின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம். ரேடியல் டயரில் இதே அளவு 340/85 ஆர் 28 என்றும் குறிக்கப்படும். இதில் 340 என்பது மில்லிமீட்டரில் அகலம்.

12.4, 13.6, 14.9, 16.9 ஆகிய நான்கு அகலங்களிலும் 28 அங்குல டயர் உண்டு. விட்டம் ஒன்று என்பதால் எல்லாம் ஒரே ரிம்மில் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 13.6 டயருக்கு 12 அங்குல அகல ரிம் ஏற்றது, 14.9 டயருக்கு 13 அங்குலம், 16.9 டயருக்கு 15 அங்குலம். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் நடுப்பகுதி புடைத்து விரைவில் தேயும். அகலத்தின் பலனும் கிட்டாது. விட்டம் அரை அங்குலம் மாறினாலும் மாட்டவே கூடாது. காற்றடிக்கும்போது வெடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

நான்கு சக்கர இயக்க டிராக்டர்களில் முன், பின் சக்கரங்கள் கியர் விகிதத்தால் இணைக்கப்பட்டவை. ஒன்றின் அளவை மட்டும் மாற்றினால் கியர்கள் கெடும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள இணையையே பயன்படுத்துங்கள்.

பயிர் வரிசையைப் பாருங்கள்

மானாவாரிப் பருத்தியின் வரிசை இடைவெளி 45 செ.மீ. என்று கொள்வோம். 12.4 டயரின் அகலம் 31.5 செ.மீ.; இருபுறமும் ஏழு செ.மீ. அளவுக்கு இடம் கிடைக்கும். 14.9 டயர் 38 செ.மீ.; மூன்றரை செ.மீ.தான் மிஞ்சும். 16.9 டயரோ 43 செ.மீ.; செடியை மிதிக்காமல் ஓட்ட இயலாது. ஆதலால் இடையுழவுக்கு ஒடுங்கிய டயரே உகந்தது. இரு பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 135 செ.மீ., அதாவது மூன்று வரிசை தூரம், இருக்குமாறு ரிம்மைத் திருப்பிப் பூட்டிக் கொள்ளலாம்.

காற்றும் எடையும்

டயரினுள் இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டிய அழுத்தமே மேல்மண்ணில் விழுகிறது. அகல டயரின் நன்மை, அதே எடையைக் குறைந்த காற்றில் தாங்குவதே. வயலில் பின் டயருக்கு 12 முதல் 14 பவுண்டு காற்று பொதுவாகப் போதும். பாரம் ஏற்றிச் சாலையில் செல்லும்போது கையேட்டின்படி கூட்ட வேண்டும். சாலைக்கு அடித்த காற்றோடு கரிசலில் இறங்கினால் அகல டயர் வாங்கியும் பயனில்லை.

ஆனால் அடிமண்ணை இறுக்குவது வண்டியின் மொத்த எடை. எந்த டயரும் அதை முழுதும் தடுக்காது. உழும் ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கயிறுபோல் உருட்டிப் பாருங்கள். உடையாமல் உருண்டால் காத்திருங்கள், உதிர்ந்தால் உழலாம்.

சறுக்கலை அளக்கும் முறை

பின் டயரில் சுண்ணாம்புக் கோடிட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளக்கவும். பின்பு கலப்பையை இறக்கி உழுதபடி அதே பத்துச் சுற்று ஓட்டவும். முதலில் 40 மீட்டரும் பின்னர் 36 மீட்டரும் வந்தால் சறுக்கல் 10 விழுக்காடு. இது நல்ல அளவு. 34 மீட்டருக்கும் குறைந்தால் சறுக்கல் 15 விழுக்காட்டைத் தாண்டுகிறது. டீசலும் டயரும் வீணாகின்றன. அப்போது உழவின் ஆழத்தைக் குறையுங்கள், காற்றின் அளவையும் டயர்ப் பட்டைகளின் தேய்மானத்தையும் பாருங்கள். புது டயர் வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ரிம்மின் அகலம், பயிரின் வரிசை, வேலையின் தன்மை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கைப்பணமும் மிஞ்சும், கரிசலும் கெடாது.