வெறுங்கை அரக்கன்



2020 அக்டோபரில் ஜப்பானில் ஓர் அனிமேஷன் படம் திரைக்கு வந்தது. பெயர் ‘டீமன் ஸ்லேயர்: மூகென் டிரெயின்’. கொரோனா அச்சத்தில் உலகமெங்கும் திரையரங்குகள் வெறிச்சோடிக் கிடந்த நேரம் அது. ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001 முதல் தக்கவைத்திருந்த வசூல் சாதனையை இந்தப் படம் முறியடித்தது. ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னைத் தாண்டியது. படம் ஓடுவது 117 நிமிடம். அதில் பெரும்பகுதி கடந்து, ரயில் தடம்புரண்டு, அதுவரை ஆட்டிவைத்த எம்மு என்னும் அரக்கனும் தலை இழந்து அழிந்துகொண்டிருக்கிறான். அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில் இடி விழுந்தாற்போல் இன்னொருவன் வந்து இறங்குகிறான். அவன்தான் அகாசா. இன்று அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். படம் பார்க்கக் காத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொயொஹாரு கோதோகே என்பவர் 2016 முதல் 2020 வரை வாரப் பத்திரிகை ஒன்றில் வரைந்து எழுதிய சித்திரத் தொடர்தான் மூலம். அதை யூஃபோடேபிள் என்னும் ஸ்டூடியோ, ஹாருவோ சொதோசாகியின் இயக்கத்தில், முதலில் தொலைக்காட்சித் தொடராகவும் பிறகு படங்களாகவும் எடுத்தது. காலம் ஜப்பானின் தைஷோ யுகம், அதாவது 1912-க்கும் 1926-க்கும் இடைப்பட்டது. ரயில் ஓடுகிறது, நகரத்தில் மின்விளக்கு எரிகிறது, மலைப்பாதை இருட்டில் அரக்கர்கள் மனிதரைத் தின்கிறார்கள். அந்த அரக்கர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் மனிதர்கள். மூசான் என்னும் ஆதி அரக்கனின் இரத்தம் உடம்பில் ஏறியதால் மாறிப்போனவர்கள். கையை வெட்டினால் கை முளைக்கும். வெயில் பட்டால் சாம்பல். இல்லையென்றால் தனி இரும்பில் அடித்த வாளால் கழுத்தை வெட்ட வேண்டும். மூசானின் கீழே உள்ள வரிசையில் மேலிருந்து மூன்றாம் இடம் அகாசாவுக்கு.

வந்து நின்றதும் அவன் செய்கிற முதல் காரியத்தைக் கவனியுங்கள். வயிற்றில் காயத்தோடு தரையில் கிடக்கும் சிறுவன் தஞ்சிரோவின் தலைக்கு ஒரு குத்து விடுகிறான். ரெங்கோகு என்னும் வீரர் குறுக்கே புகுந்து, பாய்ந்து வந்த கையை நெடுக்காகப் பிளந்துவிடுகிறார். பிளந்த கை நம் கண்ணெதிரே ஒட்டிக்கொள்கிறது. ஏன் அடிபட்டவனைத் தாக்கினாய் என்று கேட்டால், நாம் பேசுவதற்கு இவன் இடைஞ்சலாக இருப்பான் என்று நினைத்தேன் என்கிறான். பலவீனர்களைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறான். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு. பிறகு ரெங்கோகுவைப் பார்த்து, நீயும் அரக்கனாகிவிடு, முதுமை கிடையாது, சாவு கிடையாது, நூறு வருஷம் இருநூறு வருஷம் நாம் இருவரும் சண்டைக்கலையைப் பயின்றுகொண்டே இருக்கலாம் என்று கூப்பிடுகிறான்.

அகாசாவுக்குக் குரல் கொடுத்தவர் அகிரா இஷிதா. ‘எவாஞ்சலியன்’ தொடரின் கவோரு, ‘நாருட்டோ’ தொடரின் காரா, எல்லாம் அவர் குரல்தான். மென்மையாகப் பேசிக்கொண்டே முதுகுத்தண்டைச் சில்லிட வைப்பதில் அவருக்கு நிகர் சிலரே. ரெங்கோகுவை அழைக்கும்போது அந்தக் குரலில் பகை துளிகூட இல்லை. நெடுநாள் தோழனிடம் பேசுகிற உரிமை இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது. அடி விழ விழ, என்னோடு வந்துவிடேன், இப்படிச் செத்துப்போகாதே என்று கெஞ்சுகிறான். கொல்கிறவனே கெஞ்சுகிறான்! அந்தக் குரலுக்குள் ஏதோ ஒரு பழைய இழப்பு இருக்கிறது என்று முதல் படத்திலேயே என் காதில் பட்டது. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

ரெங்கோகு மறுக்கிறார். மூப்பும் சாவும்தான் மனிதனை அழகாக்குகின்றன என்பது அவர் கட்சி. பலசாலியாகப் பிறந்தவன் எளியவரைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று தாய் சொல்லி வளர்த்த பிள்ளை அவர். சண்டை முற்றி, அகாசாவின் கை அவர் மார்புக்குக் கீழே புகுந்து முதுகு வழியே வெளியே வந்துவிடுகிறது. கிழக்கே வானம் வெளுக்கிறது. இந்த இடத்தை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ரெங்கோகு உடம்பை இறுக்கி அந்தக் கையை வெளியே எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறார். தன் வாளை அகாசாவின் கழுத்தில் அழுத்துகிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் முதல்முறையாகப் பீதி தெரிகிறது. கடைசியில் தன் கையைத் தானே பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறான். தஞ்சிரோ வாளை வீசி எறிந்து, ஓடாதே, தோற்றது நீதான் என்று தொண்டை கிழியக் கத்துகிறான். அரங்கில் இருந்த நமக்கும் அதே கோபம். ரெங்கோகு புன்னகையோடு இறந்துபோகிறார்.

ஐந்து வருஷம் அந்தக் கோபம் ஆறவில்லை. 2025 ஜூலையில் ஜப்பானில் ‘இன்ஃபினிட்டி காசில்’ படவரிசையின் முதல் பாகம் வந்தது. செப்டம்பர் 12 அன்று இந்தியாவில் வெளியானபோது தமிழ்க் குரலிலும் கிடைத்தது. மூன்று பாகங்களில் முதலாவதான இதற்கு வைத்த துணைத்தலைப்பே அகாசாவின் மறுவருகையைத்தான் சொல்கிறது. 155 நிமிடப் படம், இரத்தம் நிறையத் தெறிக்கும்; சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை.

தலைப்பில் உள்ள ‘காசில்’ மேலும் கீழும் புரளுகிற ஒரு மாளிகை. பிவா என்னும் நரம்பு வாத்தியத்தை ஒருத்தி மீட்ட மீட்ட, அறைகளும் படிக்கட்டுகளும் இடம் மாறுகின்றன. அதற்குள்ளே தஞ்சிரோவும் அவன் மூத்த தோழர் கியூவும் அகாசாவை எதிர்கொள்கிறார்கள். சண்டை தொடங்கும்போது அவன் காலடியில் ஒரு கோலம் விரிகிறது. பனித்துகளின் வடிவம். அதன் மேல் நின்றபடி எதிராளியின் போர்க்குணம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று உணர்ந்து, அடி வருமுன்பே அவன் உடம்பு திரும்பிவிடும். அவன் விடுகிற குத்துகளோ ஆகாயத்தில் நீலமும் இளஞ்சிவப்புமாக வெடித்துச் சிதறுகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது, நல்ல ஓவியர்கள், என்று நினைத்துக் கடந்துவிடுவோம். கையில் ஆயுதம் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. உடம்பெங்கும் ஓடுகிற நீலக் கோடுகளும் அலங்காரம் என்றே தோன்றும்.

கழுத்து வெட்டுப்படும் வரை நம்மை அப்படியே விட்டுவைத்து, அதன் பிறகுதான் படம் கதவைத் திறக்கிறது.

எடோ நகரத்தில் ஹகுஜி என்று ஒரு சிறுவன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து வாங்க ஜேப்படி அடிக்கிறான். அந்தக் காலத்து ஜப்பானில் குற்றவாளியின் கையில் பச்சைக் கோடு குத்தி அனுப்புவது நிஜமாகவே வழக்கத்தில் இருந்த தண்டனை. இவனுக்கு இரண்டு கையிலும் கோடுகள் ஏறுகின்றன. மகன் தனக்காகத் திருடுவதைத் தாங்காமல் அப்பா தூக்குப் போட்டுக்கொள்கிறார். எடோவிலிருந்து விரட்டப்பட்ட பையனை கெய்சோ என்னும் வெறுங்கைச் சண்டை ஆசான் அடித்து, தூக்கிக்கொண்டுபோய், நோயாளி மகள் கோயுகியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

கோயுகிக்கு நாள்முழுதும் படுக்கைதான். மகள் பிழைக்கமாட்டாள் என்ற துயரத்திலேயே அவள் தாய் உயிரை விட்டவள். என்னால் நீங்கள் வாணவேடிக்கை பார்க்கப் போக முடியவில்லையே என்று அவள் வருந்துகிறாள். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம், அதுவும் இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வருஷம் சேர்ந்து போகலாமே என்கிறான் ஹகுஜி, சாதாரணமாக, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. இவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு என அதுவரை யாரும் பேசியதில்லை. அவள் மனம் அவனிடம் போனது அங்கேதான். உடம்பு தேறுகிறது; திருமணம் பேசி முடிகிறது; அப்பாவின் சமாதியில் சேதி சொல்ல ஹகுஜி ஊருக்குப் போகிறான். திரும்பி வந்தால் ஆசானும் இல்லை, கோயுகியும் இல்லை. பக்கத்து வாள்பயிற்சிக் கூடத்தார், நேருக்கு நேர் மோதத் துணிவில்லாமல், கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள். அந்தக் கூடத்தில் 67 பேரை அவன் வெறுங்கையால் அடித்துக் கொல்கிறான். அந்தச் சேதி எட்டித்தான் மூசான் அவனைத் தேடி வருகிறான்.

இப்போது சண்டையை மீண்டும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். காலடியில் விரிந்த பனித்துகள் கோயுகியின் கொண்டை ஊசியில் இருந்த வடிவம். வானத்தில் வெடித்த குத்துகள் அவர்கள் சேர்ந்து பார்க்க நினைத்த வாணவேடிக்கை. உடம்பில் ஓடுவது திருடன் என்று குத்திய பச்சைக் கோடுகளின் பெருக்கம். கையில் வாள் இல்லாதது கெய்சோ கற்றுக்கொடுத்த கலை. அகாசாவுக்கு இதில் எதுவுமே நினைவில்லை. நினைவை மூசானின் இரத்தம் அழித்துவிட்டது, உடம்பு மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெண்ணின் ஞாபகத்தைச் சுமந்துகொண்டு ஆட்களைக் கொன்றுவருகிறது. கொடூர வில்லனுக்கு ஒரு சோகக் கதை ஒட்டவைப்பது எந்த எழுத்தாளருக்கும் கைவந்த வேலை. அந்தச் சோகத்தை வசனத்தில் சொல்லாமல், அவன் அடிக்கிற ஒவ்வோர் அடியிலும் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பதற்குத் தனிப்பட்ட கலைத்திறன் வேண்டும். கோதோகே அதைக் காகிதத்தில் செய்தார். யூஃபோடேபிள் அதற்கு நிறமும் ஓசையும் கொடுத்தது.

ஜப்பானின் நோ நாடகத்தில் ஹன்னியா என்று ஒரு முகமூடி உண்டு. பொறாமையாலும் துயரத்தாலும் அரக்கியாகிப்போன பெண்ணின் முகம். கொம்பும் கோரைப்பல்லும் இருக்கும். நடிகர் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதே முகம் அழுவதுபோல் தெரியும். மரத்தைச் செதுக்கியவரின் வித்தை அது. அரக்கரைத் துயரத்தோடு சேர்த்தே வடிக்கும் இந்த மரபின் வாரிசாகவே அகாசாவை நான் பார்க்கிறேன்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. சண்டையின் நடுவே ஒவ்வொருவரும் தான் என்ன வித்தை செய்கிறேன் என்று மனத்துக்குள் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சித்திரத் தொடரில் வாசகர் தன் வேகத்தில் பக்கம் புரட்டலாம். திரையில் அது காலில் கட்டிய கல். கண்ணால் பார்ப்பதையே காதில் திரும்பச் சொல்ல வேண்டாமே. உச்சக்கட்டத்தில் இவ்வளவு நீளமாக முன்கதை எதற்கு என்று பலர் குறைப்படுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கதை முன்பே வந்திருந்தால் சண்டை முழுக்க இரக்கத்தோடு பார்த்திருப்போம், ரெங்கோகுவுக்காக எழுந்த கோபம் நீர்த்திருக்கும். வெறுப்பு முழு அளவில் இருக்கும்போது வருவதால்தான் அந்தக் கதைக்கு அவ்வளவு கனம்.

அகாசா வீழ்கிற விதமும் கணக்காக அமைந்திருக்கிறது. போர்க்குணத்தை மோப்பம் பிடிக்கிறவனைப் போர்க்குணத்தால் வெல்ல முடியாது. தஞ்சிரோ தன் அப்பாவை நினைத்துக்கொள்கிறான். நோயால் மெலிந்த மனிதர், கோபமோ பயமோ இல்லாமல், செடிபோல நின்று, கோடரியால் ஒரு கரடியை வீழ்த்தியவர். அந்த நிலைக்குத் தஞ்சிரோ வந்ததும் பனித்துகள் கோலம் அவனை உணர்வதில்லை. தலை விழுகிறது.

விழுந்தும் உடம்பு நிற்கவில்லை. கழுத்து வெட்டுக்கும் சாகாத நிலைக்குத் தேறிக்கொண்டிருக்கிறது. வெல்லக்கூடிய சண்டைதான். அப்போதுதான் நினைவு திரும்புகிறது. தான் வெறுத்துவந்த பலவீனன் யார் என்று அவனுக்குப் புரிகிறது: காக்க வேண்டிய மூவரையும் காக்க முடியாமல் போன ஹகுஜி. தன் வித்தையைத் தன் உடம்பின் மேலேயே ஏவிக்கொள்கிறான். தஞ்சிரோவுக்கு மோப்ப சக்தி அதிகம். அந்த அடிக்கு முன்னால் அகாசாவிடமிருந்து வந்தது நன்றியின் வாசனை என்று அவனுக்குத் தெரிகிறது.

அப்பா வருகிறார், கெய்சோ வருகிறார், கோயுகி வந்து அணைத்துக்கொள்கிறாள். ரெங்கோகு வருவதில்லை. அவரையும் கூட்டிவந்து, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவைத்திருந்தால் அரங்கமே அழுதிருக்கும். படத்தை எடுத்தவர்கள் அதைச் செய்யவில்லை. மன்னிக்கும் உரிமை அவருடையது, அவர் பெயரில் வேறு யாரும் அதைக் கொடுக்க முடியாது என்று அவர்கள் முடிவெடுத்ததாகவே நான் கொள்கிறேன். அந்த ஒரு முடிவுக்காக இந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.