கேட் வேகத்தடையும் காரின் அடிப்பாகமும்
(நம் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்புக்கு அண்மையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கிறது. மெயின் கேட் வேகத்தடையில் அது உரசும் சத்தம் கேட்டால், "இந்த ஊர் ரோட்டுக்கு இதெல்லாம் தேவையா?" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துப் போய் அந்த வேகத்தடையை அளந்தேன். உயரம் 14 செ.மீ., அகலம் 60 செ.மீ.

இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான அளவு அது.

அகலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறுகிய மேட்டில் முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் ஏறியிருக்காது. முழு மேடும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கும். 3.7 மீட்டர் மேட்டில் நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் உள்ள காருக்கு நடுவில் 5 செ.மீ. இடைவெளி இருந்தாலே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு 11, 12 செ.மீ. இருக்கிறது. தாராளமாகப் போகும்.

ஸ்விஃப்ட்டுக்குச் சுமார் 16 செ.மீ. ஐந்து பேரும் ஊருக்குப் போகும் மூட்டைகளும் ஏறினால் அதுவும் இறங்கிவிடும். மின்சார கார்களில் பேட்டரியே அடியில்தான். ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. முதுகுவலிக்காரர்களையும், ஆம்புலன்ஸில் போகும் நோயாளியையும் நினைத்துப் பாருங்கள்.

"குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே?" என்பது நியாயமான கேள்வி. வேகத்தடையை எடுக்கச் சொல்லவில்லை. இடித்துவிட்டுச் சரியான அளவில், ஓரத்தில் சந்து விடாமல் கட்டச் சொல்கிறேன். இப்போது பைக்குகள் எல்லாம் அந்தச் சந்தில்தான் வேகம் குறையாமல் நுழைகின்றன. வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் வேண்டும்.

கேட்டுக்கு வெளியே, சிப்காட் லாரிகள் ஓடும் சாலைகளை நாம் கட்ட முடியாது. மாநகராட்சியில் மனு கொடுக்கலாம். அதுவரை சில விஷயங்கள்:

டயர் காற்றைச் சரியாக வையுங்கள். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதீர்கள். பின்னால் வண்டி இல்லாதபோது, மேட்டில் சற்றுக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். மழைநீர் தேங்கிய குழியின் ஆழத்தை நம்பாதீர்கள். இன்ஜினுக்குக் கீழே கார்டு போடுவதானால், ஆயில் மாற்றவும் காற்றுப் போகவும் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கார்டே தரை இடைவெளியைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலமாக அடிபட்டால் ஓரமாக நிறுத்திக் கீழே குனிந்து பாருங்கள். ஆயில் சொட்டினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே இன்ஜினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். "மெக்கானிக் கடை பக்கத்தில்தானே" என்று ஓட்டிப் போகாதீர்கள். பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்பது வழக்கமான கார் இன்சூரன்ஸ் நிபந்தனை. மின்சார கார் என்றால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் சர்வீஸ் மையத்தில் காட்டிவிடுங்கள்.

வேகத்தடையைத் திருத்திக் கட்டும் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆதரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.