அயல்நாட்டில் ஓர் இறுதிக் கடன்



நம் ஊர்களில் ஒருவர் காலையில் இறந்தால், பெரும்பாலும் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாடை கட்டுபவர் யார், விறகு எங்கே கிடைக்கும் என்று எவரும் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. ஊரே அதனை அறியும். ஆனால், நேற்று வந்திறங்கிய தேசத்தில், அடுத்த வீட்டாரின் முகமும் பழகாத தெருவில், தந்தை ஒருவர் இறந்துபோனால் அவருடைய மகன் என்ன செய்வான்? இவ்வினாவுக்கு விடை காண, உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட இந்துக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1972 ஆகஸ்டு மாதத்தில், உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களுட் பெரும்பாலோர் குஜராத்தியர். கடையும் ஆலையும் நடத்தித் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்கள். சுமார் 28,000 பேர் பிரிட்டனை அடைந்தனர். லெஸ்டர் நகரசபையோ, உகாண்டாவின் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்து, தங்கள் நகருக்கு வரவேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் பல்லாயிரவர் அந்நகரிலேயே குடியேறினர்.

பிறந்த நாட்டுக்கு அப்பால் ஈமக்கடன் ஆற்றுவது இவர்களுக்குப் புதியதன்று. உகாண்டாவில் ஜின்ஜா என்னும் ஊரருகே, விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படுகிறது. 1948-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி அங்கே கரைக்கப்பட்டது. ஆகவே ஆப்பிரிக்க நதியும் அவர்களுக்குப் புண்ணிய நதியாகியிருந்தது. அதனையும் விட்டு வரநேர்ந்ததே அவர்களுடைய துயரம்.

இங்கிலாந்தில் அவர்கள் முதலில் எதிர்ப்பட்டது சட்டம். 1902-ஆம் ஆண்டின் தகனச் சட்டப்படி, அனுமதி பெற்ற தகனசாலையிலன்றி வேறெங்கும் உடலை எரித்தல் குற்றமாகும். மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். மரணத்தைப் பதிய வேண்டும். தகனசாலையில் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். குற்றத்தை மறைக்க உடலை எரித்துவிடலாகாது என்பதே இக்கட்டுப்பாடுகளின் ஒரு நோக்கம்; அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், அன்றே முடிய வேண்டிய காரியம் ஒரு வாரமும் அதற்கு மேலும் தள்ளிப்போயிற்று. அதுவரையில் உடல் குளிர் அறையில் கிடக்கும். வீட்டிலோ துக்கம் நடந்துகொண்டிருக்கும்.

இந்நிலையில் அம்மக்கள் என்ன செய்தார்கள்? எதை விடலாம், எதை விடலாகாது என்று ஆராய்ந்தார்கள். பாடையை விட்டார்கள், மரப்பெட்டியை ஏற்றார்கள். விறகை விட்டார்கள், எரிவாயு உலையை ஏற்றார்கள். ஆனால், உடலை நீராட்டும் கடமையை அயலாரிடம் ஒப்படைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. உறவினரே சவ அடக்க நிலையத்துக்குச் சென்று, நீராட்டிப் புத்தாடை அணிவித்தனர். பெட்டியைச் சிறிது நேரமேனும் வீட்டுக்குக் கொண்டுவந்து, துளசியும் கங்கைநீரும் இட்டு, வீட்டார் வலம் வந்த பின்னரே தகனசாலைக்கு எடுத்துச் சென்றனர். மயானத்துக்குப் பெண்கள் செல்லாத வழக்கமும் அங்கே தளர்ந்தது. மகளும் மருமகளும் உடன் சென்று வழியனுப்பினர்.

கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும் என்பார்கள். உலையில் கொள்ளிக்கு இடமேது? மகன் உலையருகே சென்று, பெட்டி உள்ளே செல்லும்போது அதன்மேல் கை வைக்கிறான். அல்லது உலையை இயக்கும் பொத்தானை அழுத்துகிறான். கொள்ளி மாறியது, மூட்டும் கை மாறவில்லை. தகனசாலைகள் பலவும் இதற்கு இடங்கொடுத்தன. விருந்தினர் மட்டுமன்றி, வீட்டுக்குரியோரும் சற்றே நகர்ந்து இடம்விட்டனர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

திறந்தவெளிச் சிதையே வேண்டும் என்று கருதியோரும் உண்டு. அகதியல்லாத தாவீந்தர் காய் என்னும் முதியவர், நியூகாசில் நகரசபையின் மறுப்பை எதிர்த்து வழக்காடினார். 2010-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுவர்களும் மேலே திறப்பும் உடைய அமைப்பினுள் சிதை மூட்டினால், அதுவும் சட்டம் கூறும் கட்டிடமாகக் கொள்ளத்தக்கதே என்று தீர்ப்பளித்தது.

இனி, அஸ்தி. கங்கையில் கரைப்பதற்காகக் கலசத்தை இந்தியாவுக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. எல்லாருக்கும் அது இயலுமா? லெஸ்டருக்கு வடக்கே, பாரோ என்னும் கிராமத்தின் வழியாகச் சோர் நதி செல்கிறது. அங்கே குடும்பத்தார் படகில் ஏறி, நதியின் நடுவே அஸ்தியையும் மலர்களையும் விடுகின்றனர். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு அண்மையில் கரைக்கலாகாது, பிளாஸ்டிக் பொருள்களை நீரில் விடலாகாது என்பன அந்நாட்டு அறிவுரைகள். தூய நீரை விரும்பும் எவர்க்கும் அவை ஏற்புடையனவே.

வரவேண்டாம் என்று விளம்பரம் செய்த நகரம் அது. அந்நகரின் நதியில் இன்று அம்மக்களின் தாய்தந்தையர் கலந்திருக்கின்றனர். வீடு வாங்கினாலும் வாக்குரிமை பெற்றாலும் ஒரு நாடு முற்றிலும் நமதாகிவிடுவதில்லை. நம் முன்னோரை நினைத்துக் கைகூப்ப அங்கே ஒரு நீர்த்துறை வேண்டும். அது வாய்த்த பின்னர் அகதி என்னும் பெயர் மெல்ல அகன்றுவிடுகிறது.

மாணவ மாணவியரே! வேற்று மாநிலத்தாரோ வேற்று நாட்டாரோ உங்கள் தெருவிலும் குடியிருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் சாவு நேரின், அவர்களுடைய வழக்கம் உங்களுக்கு விளங்காவிடினும், வாயிலிற் சென்று நில்லுங்கள். மருத்துவர் சான்றிதழ் எங்கே, மயானம் எங்கே என்று வழி காட்டுங்கள். ஊரில்லாதவர்களுக்கு அன்று ஒரு நாளேனும் நீங்கள் ஊராக இருப்பீர்கள்.